கடல் பெரிது; பாதை சிறிது

"கடல் என்ன, ஊருணியா? இத்தனை பெரிய கடலில் கப்பலும் போகட்டும், திமிங்கிலமும் போகட்டும். இதற்கும் ஒரு வழக்கா?" என்று கேட்பவர்கள் நம்மிடையே பலர் உளர். அவர்கள் கடலறியாதவர்களும் அல்லர். கொழும்புக்கும் மலாயாவுக்கும் தோணியும் கப்பலும் விட்டவர்களின் பேரர்கள். சீதக்காதி வள்ளல் மரக்கலம் ஓட்டிய கீழக்கரையின் மக்கள். அதனால்தான் அவர்களுக்கு விடை சொல்லியே தீரவேண்டியிருக்கிறது. அறியாதவர் கேட்டால் புன்னகையோடு கடந்து செல்லலாம். கடலால் வாழ்ந்தவர்கள் கேட்டால் மறுமொழி கூறாதிருப்பது முறையன்று.

கடல் பெரிதுதான், மறுப்பார் யார்? ஆனால் கடலின் செல்வம் எங்கும் ஒன்றுபோல் இறைந்து கிடப்பதில்லை. நம் முன்னோர் முத்துக் குளித்த காலத்தில் கண்ட இடத்திலெல்லாம் மூழ்கினார்களா? பார் இருந்த இடத்தில் மூழ்கினார்கள். சங்கு குளிப்பவரும் வலை வீசுபவரும் இடம் அறிந்தே தொழில் செய்கின்றனர். திமிங்கிலமும் அவ்வாறே தன் இரை திரளும் இடத்தை நாடுகிறது. கப்பலோ கரைமுனையை ஒட்டிய குறுக்குவழியை நாடுகிறது. இவ்விரு வழிகளும் ஒரே இடத்தில் சந்தித்தால், கடல் எவ்வளவு பெரிதாயினும் அந்த இடம் சிறிதுதான்.

அப்படியோர் இடம் நமக்குத் தொலைவில் இல்லை. இலங்கையின் தென்கோடியில் தேவேந்திரமுனை இருக்கிறது. சூயஸ் கால்வாயிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூருக்கும் சீனத்துக்கும் செல்லும் கப்பல்கள், நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்டவை, அந்த முனையை ஒட்டியே திரும்புகின்றன. அங்கே கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே கடல் ஆழமாகிவிடுகிறது. அதனால் கரைக்கு அருகிலேயே நீலத் திமிங்கிலத்துக்கு இரை கிடைக்கிறது. உலகின் பிற கடல்களில் வாழும் நீலத் திமிங்கிலங்களில் பெரும்பாலானவை துருவக் கடல்களுக்குச் சென்று உண்டு திரும்புபவை. இலங்கைக் கடலில் உள்ளவையோ ஆண்டு முழுவதும் இந்த வெப்பக் கடல்களிலேயே தங்குகின்றன. கொழும்பில் கடை வைத்திருக்கும் நம் உறவினர் சிலர், மிரிஸ்ஸவில் படகேறி அவற்றைக் கண்ணாரக் கண்டும் இருப்பார்கள்.

2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் ஒரு சரக்குக் கப்பல் நுழைந்தபோது, அதன் முகப்பில் நீலத் திமிங்கிலம் ஒன்றின் உடல் மடிந்து கிடந்தது. உலகில் இறைவன் படைத்த உயிர்களில் மிகப் பெரியது, கப்பலின் மூக்கில் ஒட்டிய குப்பைபோலத் துறைமுகம் வந்து சேர்ந்தது! அந்த ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. அடிபட்டு ஆழத்தில் அமிழ்ந்துபோனவற்றுக்குக் கணக்கு எழுதியவர் எவர்?

"அத்தனை பெரிய உயிருக்கு ஒதுங்கிப் போகத் தெரியாதா?" என்பது அடுத்த கேள்வி. தெரியாது என்பதுதான் உண்மை. திமிங்கிலத்துக்கு அச்சமூட்டும் பகை கடலில் அரிது. எனவே பக்கவாட்டில் விலகி ஓடும் பழக்கம் அதற்கு இல்லை. கப்பல் நெருங்கும்போது அது மெல்ல மூழ்க முயல்கிறது என்றும், பல வேளைகளில் அந்த மூழ்கல் போதுவதில்லை என்றும் ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். ஒலி கேட்கவில்லையா எனில், கப்பலின் பேரொலி பின்புறத்துச் சுழல்விசிறியில் பிறக்கிறது. நீண்ட கப்பலின் உடலே அந்த ஒலியை முன்பக்கம் செல்லாமல் மறைக்கவும் கூடும். மற்ற நேரத்திலோ, தாய் குட்டியையும் துணை துணையையும் அழைத்துக்கொள்ளும் தாழ்ந்த ஒலியை அதே இரைச்சல் விழுங்கிவிடுகிறது. நமக்குக் கண் எப்படியோ, கடலின் உயிர்களுக்குச் செவி அப்படி. கப்பல் பாதையில் அவை பாதிக் குருடாகவே வாழ்கின்றன.

மாலுமியைக் குறைகூற இங்கே இடமில்லை. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள கப்பல், நிறுத்த நினைத்த இடத்தில் நிற்காது. மோதியதுகூட மேல்தளத்தில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. நபி சுலைமான் (அலை) அவர்களின் படை வருவது கண்டு எறும்பு ஒன்று தன் கூட்டத்தை எச்சரித்த வரலாறு, நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்தது. படையினர் தம்மை அறியாமலே மிதித்துவிடுவர் என்பதே அந்த எறும்பின் அச்சம். அதைக் கேட்ட பேரரசர் சினக்கவில்லை. புன்னகை புரிந்து இறைவனுக்கு நன்றி செலுத்தினார். அறியாமல் மிதிப்பவரைப் பொறுக்கலாம். அறிந்தபின்னும் அதே வழியில் நடப்பவரை என்னென்பது?

நாம் இன்று அறியாதவர்களல்லர். தேவேந்திரமுனைக் கப்பல் பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 விழுக்காடு குறையும் என்று 2016இல் ஆய்வு வெளிவந்தது. 15 கடல் மைல் என்பது ஏறத்தாழ 28 கிலோமீட்டர். கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் கப்பலுக்கு அது ஒரு பொருட்டா? ஆயினும் துறைமுகங்களின் வருவாய் குறையும் என்ற அச்சம் பேசப்பட்டது, ஆண்டுகள் கழிந்தன, பாதை மாறவில்லை. அரசு தயங்கிய அந்த நிலையில் 2022ஆம் ஆண்டின் நடுவில் எம்.எஸ்.சி. என்னும் பெரும் சரக்குக் கப்பல் நிறுவனம், தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே ஒதுக்கி ஓட்டத் தொடங்கிற்று. இலாபம் ஒன்றே நோக்கு என்று நாம் எண்ணும் வணிகர் செய்ததை, மக்களின் பெயரால் ஆள்வோர் செய்யக் கூடாதா?

உலகில் இது புதுமையும் அன்று. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 2003இலேயே திமிங்கிலங்களுக்காகக் கப்பல் பாதை நகர்த்தப்பட்டது. அமெரிக்காவின் கீழ்க்கரையோரத்தில், குறித்த பருவங்களில் குறித்த பகுதிகளில், 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் மணிக்கு 10 கடல் மைல் வேகத்தைத் தாண்டக் கூடாதென 2008இல் விதி வந்தது. அந்நாடுகளின் வணிகம் அதனால் மூழ்கிவிட்டதா?

இனி நம் வாசலுக்கு வருவோம். கீழக்கரைக் கடற்கரையில் நின்றால் எதிரே அப்பாத்தீவும் தலையாரித்தீவும் வாலைத்தீவும் முல்லித்தீவும் அடங்கிய தீவுக்கூட்டம். இவை உள்ளிட்ட 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் மன்னார் வளைகுடாவின் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. ஓங்கில் என்று வழங்கும் டால்ஃபின்கள் இங்கே உலவுகின்றன. ஆவுளியா என்று நம் மீனவர் அழைக்கும் கடற்பசுவுக்காகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகத்தைத் தமிழ்நாட்டரசு 2022இல் அறிவித்தது. பாராட்டுக்குரிய செயல்.

ஆனால் மறு ஆண்டே, 2023 ஜனவரியில், சேதுசமுத்திரக் கால்வாயை நிறைவேற்றுமாறு அதே மாநிலத்தின் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 2005 ஜூலை 2இல் தொடங்கி, 2007இல் உச்ச நீதிமன்ற வழக்கால் தடைப்பட்ட திட்டம் அது. 167 கிலோமீட்டர் நீளம். 300 மீட்டர் அகலம். 12 மீட்டர் ஆழம். இத்தனை ஆண்டு வாதத்தில் பெரிதாக ஒலித்தது எது? மணல்திட்டு இயற்கையா, எவரேனும் கட்டியதா என்பதே. கடலைப் பற்றிப் பேசிய மீனவரின் குரலும் ஆய்வாளரின் குரலும் அந்த ஆரவாரத்தில் அமுங்கின. மாற்று வழியை ஆராய்ந்த பச்சௌரி குழு, பொருளாதாரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் அது ஒவ்வாது என்று கூறியதை எத்தனைபேர் படித்தனர்?

"கால்வாயில் கப்பல்கள் மெதுவாகத்தானே செல்லும்? மோதல் எப்படி நேரும்?" என்பர். மெதுவாகச் சென்றால் மோதல் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாக் விரிகுடாவின் ஆழம் சராசரியாகப் பத்து மீட்டர் அளவே. அந்த ஆழம் குறைந்த கடலில் தோண்டிய வழி மணலால் தூர்ந்துகொண்டே இருக்கும். ஓயாமல் வாரிக்கொண்டே இருக்கவேண்டும். கலங்கிய சேறு கடற்புல்லை மூடினால் ஆவுளியா எதை மேயும்? இரவும் பகலும் விசிறிகள் இரைந்தால் ஓங்கில் எதைக் கேட்கும்? தேவேந்திரமுனையில் தவறு நேர்ந்தால் பாதையைத் தெற்கே தள்ளலாம். அங்கே பெருங்கடல் திறந்து கிடக்கிறது. ஒருபுறம் இந்தியாவும் மறுபுறம் இலங்கையும் நிற்கும் இங்கே, தோண்டிய பாதையை எந்தப் பக்கம் தள்ளுவது? திருத்த முடியாத தவறைச் செய்யுமுன்னரே நிறுத்துவதுதான் அறிவுடைமை.

உணர்ச்சியால் கணக்கைப் பெருக்கவும் நான் விரும்பவில்லை. 1973 ஜனவரியில் திருச்செந்தூரை அடுத்த மணப்பாடு கரையோரம் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கி, பாதிக்கு மேல் மடிந்தன. அவற்றுக்குக் கப்பலே காரணம் என்று நிறுவப்படவில்லை, நானும் கூறமாட்டேன். மெய்யான வழக்குக்குப் பொய்ச் சாட்சி தேவையில்லை.

கப்பலே வேண்டாம் என்பதும் என் வாதமன்று. நம் ஊரின் மாடி வீடுகளும் மதரஸாக்களும் கப்பல் ஈட்டிய பொருளில் எழுந்தவை. 2025 மே மாதம் விழிஞ்ஞம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தென்கடலில் கப்பல்கள் இன்னும் பெருகும். பெருகட்டும். கேட்பவை மூன்றே: இலங்கைக்குத் தெற்கே பாதை விலகட்டும், தூத்துக்குடிக்கு வரும் கப்பல்கள் இவ்வுயிர்கள் நடமாடும் நீரில் 10 கடல் மைல் வேகத்துக்குள் செல்லட்டும், சேதுக் கால்வாய் கைவிடப்படட்டும்.

இதைச் சென்னைக்கும் தில்லிக்கும் கொழும்புக்கும் எடுத்துச் சொல்ல நம்மைவிடத் தகுதியுடையோர் யார்? கப்பலில் பணிபுரியும் நம் வீட்டுப் பிள்ளைகள், திமிங்கிலத்தைக் கண்ட இடத்தையும் நேரத்தையும் குறிப்பேட்டில் பதியட்டும். சரக்கு அனுப்பும் நம் வணிகர்கள், "உங்கள் கப்பல் எந்தப் பாதையில் செல்கிறது?" என்று ஒருமுறை கேட்கட்டும். கேட்கும் வாடிக்கையாளரை எந்த நிறுவனமும் அலட்சியம் செய்யாது.

கடல் நமக்கு வழி கொடுத்தது. அதில் முன்பே குடியிருக்கும் உயிர்களுக்கு 15 மைல் வழிவிடுவது நமக்குப் பெரிய ஈகையன்று. கொடுத்தே ஆகவேண்டிய கடன்.