செத்த மீனின் சிந்தனை

மூளை ஆய்வுகூடம் என்றதும், வெள்ளை அங்கியும் இறுகிய முகமுமாக நடமாடும் மனிதர்களே நம் மனக்கண்ணில் தோன்றுவர். அங்கே சிரிப்புக்கு இடமில்லை என்றுதான் நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஒரு செத்த மீனின் கதை அந்த எண்ணத்தை மாற்றியது.

அமெரிக்காவின் டாட்மவுத் கல்லூரியில் கிரெய்க் பென்னட் என்ற இளம் ஆய்வாளர் இருந்தார். உயிருள்ள மனிதரின் மூளையைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைச் சரிபார்ப்பதற்கு ஏதேனும் ஒரு பொருளை அதனுள் வைப்பது வழக்கம். பென்னட்டும் நண்பர்களும் முதலில் ஒரு பூசணிக்காயை வைத்தனர். பின்னர் ஒரு கோழியை வைத்தனர். இறுதியில், 18 அங்குல நீளமும் 3.8 இறாத்தல் எடையும் கொண்ட ஒரு சால்மன் மீனை வைத்தனர். எங்கள் ஊர்க் கடைகளில் ரின்னில் அடைத்து விற்கும் மீனைச் 'செமன்' என்போமே, அந்தப் பெயருக்கு மூலமான மீன்தான்.

மனிதரைச் சோதிக்கும்போது என்னென்ன செய்வார்களோ, அவை யாவும் மீனுக்கும் முறைப்படி செய்யப்பட்டன. மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்றும் கேட்டார்கள். தலை அசையாதிருக்கப் பஞ்சணை வைத்தார்கள். ஆனால் மீன் அசையவே இல்லையாதலால் அது பெரும்பாலும் தேவைப்படவில்லை என்று அறிக்கையில் எழுதி வைத்தார்கள். சோதனை வேளையில் மீன் உயிருடன் இருக்கவில்லை என்பதையும் மறவாமல் குறிப்பிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கணினி அந்த மீனின் மூளையில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டியது. செத்த மீன் சிந்திக்கிறது!

காரணம் எளியது. இந்த ஆய்வில் மூளையை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பர். நீங்கள் ஒருவர் மட்டும் லொத்தர் சீட்டு வாங்கினால் பரிசு விழுவது அரிது. இலட்சம் பேர் வாங்கினால் யாரோ ஒருவருக்கு விழுந்தே தீரும். ஆயிரத்தில் ஒன்று தவறலாம் என்ற அளவுகோலை வைத்து எண்ணாயிரம் கட்டங்களைச் சோதித்தால், ஏறத்தாழ எட்டுக் கட்டங்கள் தற்செயலாகவே ஒளிரக்கூடும். இதற்கான கணிதத் திருத்தத்தைச் செய்ததும் மீனின் 'சிந்தனை' மறைந்துபோயிற்று. அந்தத் திருத்தத்தைச் செய்யாத ஆய்வுக் கட்டுரைகள் அக்காலத்தில் ஏராளம்.

2009 இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் இந்த மீனைக் கண்டு விஞ்ஞானிகள் சிரித்தார்கள். 2012 இல் பென்னட்டுக்கும் அவருடைய சகாக்கள் மூவருக்கும், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. அத்துடன் பிழைகள் ஒழிந்துவிடவில்லை. பரவலாகப் பயன்பட்ட சில கணினி மென்பொருள்கள், திருத்தம் செய்த பின்னரும், இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டும் வீதம் சில சந்தர்ப்பங்களில் நூற்றுக்கு 70 வரை செல்லக்கூடும் என்று 2016 இல் சுவீடனைச் சேர்ந்த அன்டர்ஸ் எக்லண்டும் சகாக்களும் காட்டினார்கள்.

இதனை எழுதும்போது என் பழைய மேசை நினைவுக்கு வருகிறது. இரவுப் பணியில், பக்கத்தில் எஞ்சிய இடத்தை நிரப்ப, 'மூளையில் காதல் எங்கே இருக்கிறது? விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்ற வெளிநாட்டுச் செய்தியை நானே மொழிபெயர்த்துத் தலைப்பிட்டிருக்கிறேன். சில நாட்களில் ஒரு கணித ஆசிரியரிடமிருந்து தபாலட்டை வந்தது. "ஐயா, எத்தனை பேரைச் சோதித்தார்கள்? எத்தனை தடவை?" என்ற இரண்டே கேள்விகள். பதில் எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதவும் மனம் வரவில்லை. அட்டை குப்பைக் கூடைக்குப் போயிற்று.

பென்னட்டும் நண்பர்களும் செய்தது அதற்கு நேர்மாறான காரியம். தம் துறையின் பிழையைத் தாமே ஊரறியக் காட்டிச் சிரித்தார்கள். அந்தத் துணிச்சல் எங்கள் செய்தி அறைகளில் அரிதாகவே இருந்தது. திருத்தம் என்பதை உள்பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில் போட்டோம்.

அந்த ஆசிரியர் இன்று உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. அவர் கேட்டவை சரியான கேள்விகள் என்பதை இத்தனை காலம் கடந்து ஒப்புக்கொள்கிறேன். மூளையில் இன்னது கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு செய்தியை இனிமேல் நீங்கள் வாசிக்க நேர்ந்தால், அதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.