விரல் நுனியில் ஒரு வைத்தியம்

தலை நோகும்போது நமது கை யாரும் சொல்லாமலே நெற்றிப்பொட்டைத் தேடிச் செல்கின்றது. கால் உளைந்தால் கெண்டைக்காலைப் பிடித்துவிடுகின்றோம். குழந்தை வயிற்றுநோவால் அழும்போது தாயின் உள்ளங்கை அதன் வயிற்றின்மீது தானாகவே படிகின்றது. நோவுள்ள இடத்தில் கை வைப்பது மனிதன் எந்தப் பள்ளியிலும் கற்றுக்கொள்ளாத முதல் வைத்தியம். அந்த இயல்பான செயலை முறைப்படுத்தி, இன்ன இடத்தை இவ்வளவு நேரம் இவ்வாறு அழுத்துக என்று வகுத்துக் கூறும் கலையே அக்குபிரஷர் எனும் விரலழுத்தச் சிகிச்சையாகும்.

பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும், அவர்களைப் பெற்றோரும் இதனைப் பற்றி அடிக்கடி வினவுகின்றனர். இது உண்மையில் பயன் தருமா? வீட்டில் நாமே செய்துகொள்ளலாமா? இதனால் தீங்கு விளையுமா? இம்மூன்று வினாக்களுக்கும் இவ்வாரம் விடை காண முயல்வோம்.

இக்கலையின் தாயகம் சீனம். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட 'மஞ்சள் பேரரசரின் அகமருத்துவ நூல்' உடலில் 'ச்சி' எனும் உயிராற்றல் சில பாதைகளில் ஓடுவதாகவும், அந்த ஓட்டம் தடைப்படும்போது பிணி தோன்றுவதாகவும் கூறுகின்றது. அப்பாதைகளில் உள்ள தானங்களில் ஊசி குத்துவது அக்குபங்சர். அதே தானங்களை விரலால் அழுத்துவது அக்குபிரஷர். ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம், பணமும் வேண்டாம் என்பதே பின்னதன் சிறப்பு.

ஜப்பானியர் இதனைத் தம் வழியில் வளர்த்தனர். அங்கே 'ஷியாட்சு' என்பது இதன் பெயர். 'ஷி' என்றால் விரல், 'அட்சு' என்றால் அழுத்தம். இம்முறையை உலகறியச் செய்தவர் 1905 இல் பிறந்த தொக்குஜிரோ நமிக்கோஷி என்பவர். சிறுவயதில் அவருடைய குடும்பம் குளிர் மிகுந்த ஹொக்கைடோ தீவில் குடியேறிற்று. அங்கே அவருடைய தாயார் மூட்டுவாதத்தால் வருந்தினார். அருகில் வைத்தியர் இல்லாத நிலையில், அச்சிறுவன் தாயின் உடலைத் தன் விரல்களால் அழுத்தி அழுத்தி நோவைத் தணிக்க முயன்றான். தாய்க்குச் செய்த அந்தப் பணிவிடையே பின்னாளில் ஒரு வைத்திய முறையாக மலர்ந்தது. 1940 இல் தோக்கியோ நகரில் அவர் ஒரு பயிற்சிக்கூடம் நிறுவினார். 1954 இல் ஜப்பானுக்கு வந்த ஹொலிவூட் நடிகை மேரிலின் மன்றோவுக்குச் சிகிச்சை அளித்ததும் அவரே.

நம் தமிழ் மரபிலும் இதற்கு ஓர் உறவுமுறை உண்டு. சித்த வைத்தியத்தின் ஒரு கிளையாகிய வர்மம், உடலில் 108 வர்ம நிலைகள் உள்ளன என வகுக்கின்றது. ஆயினும் சீனருடைய தானங்களும் நமது வர்மங்களும் ஒன்றென்று கருதிவிடலாகாது. வர்மக்கலை காயங்களையும் அடிமுறைகளையும் ஒட்டி வளர்ந்தது. ஆசானிடம் பல காலம் பயின்றே அறியத்தக்கது. அதனை ஏட்டில் படித்து வீட்டில் பரீட்சித்துப் பார்ப்பது அறிவுடைமை அன்று.

வீட்டில் அச்சமின்றிச் செய்யக்கூடியவை சில உள. அவற்றுள் மூன்றை ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது, 'நெய்குவான்', அதாவது 'உள்வாயில்'. உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, மணிக்கட்டு மடிப்பின்மீது மற்றக் கையின் மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் ஆகிய மூன்றையும் சேர்த்து, மோதிரவிரல் மடிப்பைத் தொடும்படி குறுக்காக வையுங்கள். சுட்டுவிரல் முடியும் இடத்தில், இரு நரம்புக் கயிறுகள்போலத் தென்படும் தசைநார்களுக்கு நடுவே இத்தானம் உள்ளது. பெருவிரலால் மெல்ல அழுத்தி, இரண்டு மூன்று நிமிடம் சிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். பின்னர் மற்றக் கையிலும் அவ்வாறே செய்க. குமட்டலுக்கு இது பெயர் பெற்றது. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பஸ் வண்டி புசல்லாவையைக் கடந்து இறம்பொடை வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் பிள்ளைகளின் முகம் வெளிறுவதைக் காணாதவர் யார்? தேசிக்காயை முகரக் கொடுக்கும் பாட்டிமார் இனி இதனையும் செய்து பார்க்கலாம்.

இரண்டாவது, 'ஹெகு' எனப்படுவது. கையின் புறத்தே, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதைப்பற்றான மேட்டில் இது இருக்கின்றது. தலைநோவுக்கும் பல்நோவுக்கும் இதனை அழுத்துவர். ஆனால் கருவுற்ற பெண்கள் இத்தானத்தை அழுத்தலாகாது என்பது தொன்றுதொட்டு வரும் விதி. அதனைக் கைக்கொள்வதே நன்று. பல்நோவு தணிந்தாலும் பற்சொத்தை மாறுவதில்லை. கராம்பும் விரலழுத்தமும் பல் வைத்தியரிடம் போகும்வரைக்குமான துணையேயன்றி, போகாதிருப்பதற்கான சாட்டு அல்ல.

மூன்றாவது, 'சூசன்லி'. முழங்காற் சில்லின் கீழ்விளிம்பிலிருந்து, அழுத்தப்படுபவரின் நான்கு விரலளவு கீழே, முன்கால் எலும்புக்கு ஒரு விரலளவு வெளிப்புறமாக இது அமைந்துள்ளது. கால் அயர்வுக்கும் செரிமானத்துக்கும் இது நல்லதென்பது பழைய நம்பிக்கை. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689 இல் நெடும்பயணம் புறப்படுமுன் தம் காலில் இதே தானத்துக்கு மூலிகைச் சூடு வைத்துக்கொண்டதாகத் தமது பயண நூலில் குறிப்பிடுகின்றார்.

இவற்றுக்குச் சான்று உண்டா என மாணவர் வினவுவர், வினவவும் வேண்டும். நெய்குவானைப் பொறுத்தவரையில் உண்டு. 1980களில் பெல்பாஸ்ற் நகரின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்து மயக்கமருந்தியற் பேராசிரியர் ஜோன் டண்டீ இதனை முறையாக ஆராய்ந்தார். 2015 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, 59 ஆய்வுகளையும் அவற்றிற் பங்குபற்றிய 7,667 பேரையும் கணக்கிலெடுத்து, சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலையும் வாந்தியையும் இத்தானத்தைத் தூண்டுவது குறைக்கின்றது என முடிவு கூறிற்று. எனினும் அவ்வாய்வுகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. பஸ் பயணக் குமட்டலுக்கும் பிற தானங்களுக்கும் இத்துணை உறுதியான சான்று இல்லை.

'ச்சி' ஓடும் பாதைகளை உடற்கூற்றியலார் எவரும் கண்டதில்லை. ஆயின் அழுத்தினால் நோவு தணிவது ஏன்? 1965 இல் மெல்சாக், வோல் என்னும் இரு அறிஞர் ஒரு விளக்கம் தந்தனர். தொடுகை, அழுத்தம் ஆகிய உணர்ச்சிகள் முண்ணாணை அடையும்போது அங்கே ஒரு கதவு சாத்தப்பட்டதுபோல நோவுச் செய்தி தடைப்படுகின்றது என்பது அவர்தம் கருத்து. கதிரையில் இடித்த முழங்காலை உடனே தேய்த்துக்கொள்வது ஏன் சுகமளிக்கின்றது என்பதும் இதனாற் புலப்படும். அத்துடன், கண்ணை மூடி, மூச்சைச் சீராக விட்டு, ஐந்து நிமிடம் அமைதியாக அமர்வதே பலருக்கு ஒரு மருந்தன்றோ?

இனி, இக்கட்டுரையில் நாம் முதன்மையாகக் கருதும் செய்திக்கு வருவோம். நெய்குவான் தானம் குமட்டலுக்கு மட்டுமன்றி, நெஞ்சு இறுக்கத்துக்கும் படபடப்புக்கும் ஏற்றதெனப் பழைய நூல்கள் சொல்லுகின்றன. ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கின்றது. நள்ளிரவில் குடும்பத் தலைவருக்கு வியர்வை கொட்டுகின்றது, வாந்தி வருகின்றது, நெஞ்சு பாரமாயிருக்கின்றது, நோவு இடக்கைக்கும் தாடைக்கும் பரவுகின்றது. 'வாய்வாக்கும்' என்று சொல்லி மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தால், அந்த அரைமணி நேரத்தில் இருதயத் தசை இரத்தமின்றி மடிந்துகொண்டிருக்கும். மாரடைப்பில் இழந்த தசையை எந்த விரலும் மீட்டுத் தராது. அத்தகைய வேளையில் விரல் அழுத்தவேண்டிய தானம் தொலைபேசியில் 1990 எனும் இலக்கமே. அந்த இலவச அம்புலன்ஸ் சேவை நாடெங்கும் உண்டு. திடீரென வரும் பொறுக்கவியலாத தலையிடி, ஒருபக்கக் கைகால் சோர்தல், வாய் குழறல், வலப்பக்க அடிவயிற்றில் வலுத்துவரும் நோவு ஆகியவற்றுக்கும் இஃது ஒக்கும்.

வேறு சில எச்சரிக்கைகளும் உள. புண், வீக்கம், எலும்பு முறிவு, புடைத்த நாளம் உள்ள இடங்களை அழுத்தலாகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் வைத்தியரைக் கேட்டே செய்க. நீரிழிவினாற் கால் விறைத்தவர்களுக்கு அழுத்தத்தின் அளவு தெரியாது. ஆதலின் அவர்தம் கால்களை மிக மென்மையாகவே தொடவேண்டும். இதனை நம்பி, இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ உண்ணும் குளிகையை எவரும் நிறுத்திவிடலாகாது. அழுத்தும்போது இதமான ஒரு நோவு தோன்றலாம். சுரீரென்று குத்தினால் உடனே நிறுத்திவிடுக.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பின்னும் இக்கலை வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றே நாம் சொல்லுவோம். மாலைப் பொழுதில் விளக்கேற்றிய பின் பேரப்பிள்ளை ஒன்று பாட்டியின் கையைத் தன் மடியில் வைத்து, மூன்று விரல் அளந்து, மெல்ல அழுத்தட்டும். பாட்டியின் நோவு எவ்வளவு குறையும் என்பதை நாம் அளந்து கூற இயலாது. ஆனால் அந்த ஐந்து நிமிடமும் அவர் தனித்திருக்கமாட்டார். ஹொக்கைடோவில் ஒரு சிறுவன் தன் தாய்க்குச் செய்யத் தொடங்கியதும் இதுவே அல்லவா?