சிறு பணமும் திரை இன்பமும்

திரைப்படம் மாணவனைக் கெடுக்கும் என்பர் ஒரு சாரார். அதுவே கதியெனக் கிடப்பர் மறு சாரார். நாம் இவ்விரு சாராருடனும் உடன்படோம். கண்டியிற் பயிலும் மாணவருட் பலர் சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருபவர். அவர்தம் சட்டைப்பையிலுள்ள பணம், தாய் மலைச்சரிவிற் கொய்த கொழுந்தின் விலை. அதனை மறவாது செலவிடுதல் கடன். எனினும், இன்பம் வறியோர்க்கு விலக்கப்பட்டதன்று.

மாதம் ஒரு படம் போதும். அதனைத் தேர்ந்து காண்க. மலிவான முன்வரிசையில் அமர்வதற்கு நாணுவானேன்? பல்கனியில் இருப்பவர் காண்பதும் அதே படமன்றோ! இடைவேளைச் சிற்றுண்டியை விடுத்தால் அடுத்த மாதச் சீட்டுக்கு ஏதேனும் மிஞ்சும். படம் முடிந்தபின் வாவிக்கரையில் நடந்தவாறே அதன் குணங் குற்றங்களை வாதிடக் காசு வேண்டியதில்லை. கண்டதன் பயனிற் பாதி அந்நடையிலேயே கிட்டும்.

தேர்ந்து காண்பதற்கு நல்ல படங்கள் கிடைத்தல் வேண்டும். 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்தின் பாலம் நம் நாட்டுக் கித்துல்கலையிலே அமைக்கப்பட்டது. 1977இல் ‘பொன்மணி’ என்ற தமிழ்ப் படத்தை இயக்கியவர் தர்மசேன பத்திராஜ என்னும் சிங்களக் கலைஞர். இவற்றை நம் மாணவருள் எத்தனை பேர் கண்டுள்ளனர்?

கைப்பேசியில் தனித்துக் காண்பது மலிவே. ஆயினும் பலருடன் கூடிச் சிரிக்கும் இன்பத்தை அது தராது. ஆதலின், கல்லூரி மண்டபத்தில் மாதமொருமுறை நற்படங்களைக் காட்டும் கழகமொன்றைப் பழைய மாணவர் நிறுவுவாராக. விழாவின் நினைவாக அது நிலைக்கும்.