வேலைக்குப் போனவர் விழுந்தவர் அல்லர்

"எப்பிடிக் கிற்றார் அடிச்ச மனுசன்! இப்ப பாருங்கோ, சிமெந்துக் கடையில பில் எழுதிக்கொண்டு நிக்கிறார்." யாழ்ப்பாணத்தில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மேடையேறிய இசைக்குழுக்காரர் எவரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசியில் இந்த இரக்கத்தில்தான் வந்து நிற்கிறது. ஆளும் இடமும்தான் மாறும். ட்றம்ஸ் அடித்தவர் தபால் கந்தோரில் இருப்பார். பேஸ் கிற்றார்காரர் பஸ் டிப்போவில் இருப்பார். ஓகன் வாசித்தவர் பாரிஸில் ஏதோ ஓர் உணவகத்துக் குசினியில் நிற்பார். சொல்பவர் பெருமூச்சு விடுவார், கேட்பவர் தலையை ஆட்டுவார். உயிரோடு இருக்கும் மனிதருக்குத் துக்கம் விசாரிக்கிறோம்.

வேலைக்குப் போன இசைக்காரர் தோற்றுப்போனவர் என்ற இந்த நம்பிக்கை பொய். வரலாற்றுக்கும் அது பொருந்தாது, எங்கள் ஊரின் கலை வாழ்க்கைக்கும் பொருந்தாது. அதைவிட மோசமான காரியம் ஒன்றையும் அது செய்கிறது: எங்கள் இசைக்குழுக்கள் எதனால் கலைந்தன என்பதை மறைத்துவிடுகிறது.

இரண்டு வகையானவர்கள் இதைச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் பெற்றோர்: "பாட்டுப் பாடிச் சோறு தின்னேலுமோ? கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்." மறுபக்கம் ரசிகர்கள்: உண்மையான கலைஞன் பட்டினி கிடந்தாவது கிற்றாரோடு இருந்திருப்பான், சம்பளத்துக்குப் போனவன் கலையைக் காட்டிக்கொடுத்தவன். இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் எதிர்ப்பதாக நினைக்கிறார்கள். ஆனால் சம்பளமும் சங்கீதமும் ஒரே ஆளிடம் இருக்க முடியாது என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தகப்பன் சொல்வதும் கிற்றாரை வை என்றுதான், ரசிகன் சொல்வதன் முடிவும் கிற்றாரை வை என்றுதான்.

இனி வரலாற்றைப் பார்ப்போம். இலங்கைத் தமிழ் பொப் இசை அறுபதுகளின் பிற்பகுதியில் தலையெடுத்து எழுபதுகளில் தீவெங்கும் ஒலித்தது. அதன் முன்னோடியாக எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் நித்தி கனகரத்தினம் உரும்பிராய்க்காரர். அம்பாறை ஹார்டி நிறுவனத்தில் விவசாயம் படித்த மாணவராக இருந்தபோது பாடத் தொடங்கினார். வேலையை உதறிவிட்டு இசைக்கு வந்தவரல்லர் அவர். படிப்பின் நடுவில், நண்பர்களின் கைதட்டலுக்கு நடுவில் பிறந்த பாட்டு அது. கள்ளுக்கடைக்குப் போகும் புருசனைத் தடுக்கும் பாட்டும், மாமியை விளித்துப் பாடிய பாட்டும் கலியாண வீடுகளில் இன்றைக்கும் ஒலிக்கின்றன. பின்னாளில் அவர் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். அவரை விழுந்தவர் என்று யாராவது சொல்வார்களா?

பொப் இசைக்கு ரத்த உறவான பைலாவையும் பாருங்கள். இலங்கையில் பைலாவின் தந்தை என்று போற்றப்படும் வொலி பஸ்தியன்ஸ் பொலிஸ்காரர். தெருவில் கடமை செய்த அதே மனிதர்தான் ஒரு நாட்டின் கொண்டாட்ட இசைக்கே உருக்கொடுத்தார். எங்கள் ஏ. ஈ. மனோகரன் அந்தப் பைலாத் துள்ளலைத் தமிழுக்குக் கொண்டுவந்து 'சுராங்கனி'யைக் கடல் தாண்டவும் வைத்தார். 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் அந்தப் பாட்டுக்கு இடம் கிடைத்தது. மனோகரனே பிறகு தமிழகத்தில் படங்களில் சிறு வேடங்களில் நடித்துத்தான் காலத்தை ஓட்டினார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமாகும் வரைக்கும் மக்களுக்கு அவர் பாடகர்தான்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. எங்கள் கோஷ்டிக்காரரில் பெரும்பாலானோர் மேடையிலிருந்து வேலைக்கு 'இறங்கி' வந்தவர்கள் அல்லர். அவர்கள் தொடக்கம் முதலே வேலையில் இருந்தவர்கள். பகலில் பாடசாலையில் படிப்பித்தார்கள், கந்தோரில் கோப்புப் பார்த்தார்கள், சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போனார்கள். இரவில் கோயில் திருவிழாவில் வாசித்தார்கள். கிற்றாரும் பெருக்கியும் அந்தச் சம்பளத்தில் வாங்கியவை. சம்பளம் இல்லாவிட்டால் கோஷ்டியே இருந்திருக்காது.

ஓர் எழுத்தாளரைப் பற்றி நாங்கள் இப்படிப் பேசுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? டொமினிக் ஜீவா யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூனில் முடிவெட்டியவர். 1966இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' அந்தச் சலூனிலிருந்துதான் வளர்ந்தது. எழுத்தாளர்களும் வாசகர்களும் அங்கேயே கூடினார்கள். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்கு சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்த பிறகும் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை, வைக்கவேண்டும் என்று நினைக்கவுமில்லை. சாதியின் பெயரால் இழிவுசெய்யப்பட்ட தொழிலை அவர் எல்லோருக்கும் முன்னால் உரிமையோடு சொன்னார். கே. டானியல் கராஜ் நடத்தியவர். அளவெட்டி தந்த மஹாகவி எழுதுவினைஞராகத் தொடங்கி நிர்வாக சேவைக்குப் போனவர். கொக்குவில் அ. முத்துலிங்கம் கணக்காளர். ஐக்கிய நாடுகள் வேலையில் நாடு நாடாகச் சுற்றியதுதான் அவருடைய கதைகளின் பாதி மூலதனம். 'பாவம் மஹாகவி, கடைசியில் கந்தோர் வேலைக்குப் போய்விட்டார்' என்று எந்த இலக்கியக் கூட்டத்திலாவது யாராவது பேசியதுண்டா? எழுதுபவருக்கு வேலை இருந்தால் அதை அனுபவம் என்கிறோம். கிற்றார் வாசிப்பவருக்கு வேலை இருந்தால் தோல்வி என்கிறோம். இந்த ஓரவஞ்சனைக்கு எந்த நியாயமும் இல்லை.

கூத்துக்காரர் கதையும் இதேதான். குருநகரிலும் பாசையூரிலும் தென்மோடிக் கூத்துப் பழகியவர்கள் கடற்றொழிலாளர். வட்டுக்கோட்டையில் வடமோடி ஆடியவர்கள் தோட்டம் செய்தவர்கள். பகல் முழுக்க உடலை முறித்த பிறகு இரவில் அண்ணாவியாருக்கு முன்னால் நின்று மாதக்கணக்காகப் பழகி, வெள்ளுடுப்பு ஒத்திகை ஆடி, பிறகு அரங்கேற்றினார்கள். விடியும்வரை அரசனாக நின்றவர் அடுத்த நாள் வலை இழுக்கப் போனார். அவரைப் பார்த்து ஊர் ஒருபோதும் இரங்கவில்லை.

முழுநேர இசைக்காரர் யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள். இணுவிலிலும் அளவெட்டியிலும் தவில், நாதஸ்வரம் என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் இருந்தன, இருக்கின்றன. 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தமிழகத்து வித்துவான்களே தலைவணங்கிக் கொண்டாடினார்கள். ஆனால் அந்த முழுநேரம் எதன்மேல் நின்றது? கோயில் முறைமையின் மேலும் சாதி ஒழுங்கின் மேலும் நின்றது. வாசிப்பைக் கேட்டு மெய்மறந்த அதே ஊர், வாசித்தவரைத் தன் வீட்டுக்குள் எந்த இடத்தில் இருத்தியது என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இசையையே முழுத் தொழிலாகக் கொண்டவருக்கு இந்த மண் உரிய மரியாதை கொடுத்ததாக எந்தப் பொற்காலமும் கிடையாது. இல்லாத ஒன்றை அளவுகோலாக வைத்துக் கிற்றார்காரரை அளக்கிறோம்.

மறுதரப்பில் உள்ள ஒரு நியாயத்தை நான் ஒதுக்கமாட்டேன். வேலை நேரத்தைத் தின்னும். பத்து மணிநேரம் நின்றவருக்கு இரவில் விரல் ஓடாது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இரண்டு வேலை செய்து ஊருக்குக் காசு அனுப்பியவர்களில் எத்தனை நல்ல கைகள் வாத்தியத்தை மறந்தன! இது உண்மையான இழப்பு. ஆனால் அந்தக் கைகளை ஓயவைத்தவை கடனும் இரட்டை வேலையும் அகதி வாழ்வும். 'கோப்பை கழுவப் போனவன்' என்று இங்கிருந்து இளக்காரம் பேசியவர்கள் அந்தக் காசில்தான் வீடு கட்டினார்கள், தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்தார்கள். இன்னும் சிலர் விரும்பியே வாசிப்பை நிறுத்தினார்கள். பிள்ளைகளோடு இருக்க, தோட்டம் செய்ய, வெறுமனே அலுத்துப்போனதால். அதுவும் அவர்களுடைய உரிமை. ஒருவர் இருபது வயதில் செய்ததை அறுபதிலும் செய்யவேண்டும் என்று கட்டளையிட நாங்கள் யார்?

இசைக்குழுக்களைக் கலைத்தவை வேறு. எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் உள்ளூர்ப் பாட்டுக்கும் உள்ளூர்ப் படத்துக்கும் உள்ளூர்ச் சஞ்சிகைக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. 1977இல் பொருளாதாரம் திறந்ததும் கசெற் றெக்கோடர்களும் இந்தியப் பாட்டுகளும் வெள்ளமாக வந்தன. அடுத்த பத்தாண்டில் போர் வந்தது. தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்ட ஊரில் மின்கிற்றார் எதில் ஒலிக்கும்? 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அரிசியையும் கிழவிகளையும் ஏற்றிய சைக்கிள்களில் ட்றம் செற்றுக்கு இடம் இருக்கவில்லை. திரும்பிவந்தபோது பல வீடுகளில் கூரையே இல்லை. இவ்வளவும் நடந்த பிறகு, 'அந்த மனுசன் கடை வேலைக்குப் போனதால் இசை செத்தது' என்று பேசுவது அநியாயம். கடை வேலை அவரை உயிரோடு வைத்திருந்தது.

போர் முடிந்த பிறகும் நாங்கள் திருந்தவில்லை. வெளியூர் நட்சத்திரங்களைக் கூப்பிட்டுப் பெரும் செலவில் விழா எடுக்கிறோம். 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் ஹரிஹரன் நிகழ்ச்சிக்குத் திரண்ட கூட்டம் தடுப்புகளையும் மீறிப் பாய்ந்தது. மேடை இசைக்கு இந்த ஊரில் எவ்வளவு பசி இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் உள்ளூர்க் குழுவைக் கூப்பிடும்போது பேச்சு மாறிவிடுகிறது. "தம்பி, இது எங்கட கோயில்தானே, சேவையாச் செய்யுங்கோ." ஒரு பொன்னாடை, ஒரு தேத்தண்ணி. ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் முற்பணம் கொடுக்கும் சபை வாசிப்பவருக்கு மட்டும் காசு கொடுக்கக் கூச்சப்படுகிறது. இப்படிச் செய்துவிட்டு, அவர் வேலைக்குப் போவதைப் பார்த்து இரங்கவும் செய்கிறது.

உலகமும் இந்தக் கதையைத் தப்பாகவே சொல்லிப் பழகியிருக்கிறது. அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரத்து ரொட்ரிகஸ் 1970இலும் 1971இலும் இரண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டார். அவை விற்கவில்லை. பிறகு வீடு இடிக்கும் வேலை, திருத்தும் வேலை என்று உழைத்தார். அவருக்குத் தெரியாமலே தென்னாபிரிக்காவில் அவர் பாட்டுகள் வீட்டுக்கு வீடு ஒலித்தன. 2012இல் அவரைப் பற்றி வந்த ஆவணப்படம் ஒஸ்கார் வென்றது. மறக்கப்பட்ட மேதை மீட்கப்பட்டார் என்று உலகம் கண்ணீர்விட்டது. ஆனால் அந்த இடைக்காலத்தில் அவர் தத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். உள்ளூர்த் தேர்தல்களில் நின்றார். அவுஸ்திரேலியாவுக்கு இரண்டு முறை போய்ப் பாடினார். அந்த அவுஸ்திரேலியப் பயணங்களைப் படம் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் அவருடைய உழைப்பு இருட்டாகத் தெரிந்திருக்காது, கண்ணீரும் அவ்வளவு வந்திருக்காது. புகழ் வந்த பிறகும் அவர் தன் பழைய எளிய வீட்டிலேயே இருந்தார். 2023இல் இறக்கும்வரை தான் செய்த கூலி வேலைக்காக அவர் வெட்கப்பட்டதில்லை.

எங்கள் ஆட்கள் வெட்கப்படுகிறார்கள். அதுதான் இந்த நம்பிக்கையின் மிகப் பெரிய கொடுமை. 'முந்தி வாசிச்சனான், இப்ப இல்லை' என்று ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொல்கிறார்கள். கிற்றார் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. பேரப்பிள்ளை கேட்டாலும் இறக்குவதில்லை, ஏனென்றால் வாசித்தால் மறுபடியும் அந்த 'எப்பிடி இருந்த மனுசன்' தொடங்கிவிடும். பத்து விரலிலும் இன்னும் பாட்டு இருக்கும் ஆட்களை எங்கள் இரக்கத்தால் வாயடைக்க வைத்திருக்கிறோம்.

ஆகவே ஆலய பரிபாலன சபைகளிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் கேட்கிறேன். உள்ளூர்க் குழுவுக்கு முற்பணம் கொடுங்கள். சாமத்தில் தொடங்கும் நிகழ்ச்சியை சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த நாள் வேலைக்குப் போகிறவரும் வாசிக்கலாம், அடுத்த நாள் வேலைக்குப் போகிறவரும் கேட்கலாம். மருதனார்மடத்தில் கர்நாடக இசைக்கும் பரதத்துக்கும் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம், இந்தப் பொப் கோஷ்டிகளின் வரலாற்றை எழுத மாணவர்களை அனுப்பட்டும். நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேகரத்தில் அவர்களுடைய குரல்களும் படங்களும் பழைய கசெற்றுகளும் சேரட்டும். உங்கள் தெருவில் இருக்கும் கிற்றார்காரரைக் கடையில் கண்டால், ஏன் விட்டீர்கள் என்று கேட்காதீர்கள், எப்போது வாசிப்பீர்கள் என்று கேளுங்கள். இதைத் தள்ளிப்போட நேரமில்லை. அவர்களில் பலருக்கு எழுபது வயது கடந்துவிட்டது.