பஞ்சாபில் தீ குறைஞ்சிருச்சா? ஒரு டாக்டரின் சந்தேகம்

1/ எங்க ஓ.பி.யில் அடிக்கடி நடக்கும் கதை இது. சர்க்கரை நோயாளி ஒருத்தர் ரத்தப் பரிசோதனைக்கு 2 நாள் முன்னாடியே வாயைக் கட்டிடுவார். ஃபாஸ்டிங் சுகர் 110 வரும். "பாருங்க டாக்டர், கன்ட்ரோல்ல இருக்கு"ன்னு சிரிப்பார். அடுத்து எச்பிஏ1சி பார்ப்போம். அது கடைசி 3 மாதத்தின் கணக்கு. 9.5 வரும். சிரிப்பு போயிடும்.

2/ வட இந்தியாவில் பயிர்க்கழிவு எரிப்பு விஷயத்தில் நடப்பதும் இதேதான். பஞ்சாபில் செயற்கைக்கோள் கண்ட தீ எண்ணிக்கை: 2021ல் 71,304. 2022ல் 49,922. 2023ல் 36,663. 2024ல் 10,909. "பார்த்தீங்களா, வெற்றி!"ன்னு மார்தட்டல்.

3/ அதே 2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 490ஐத் தாண்டியது. அந்த அளவுகோலின் உச்சமே 500தான். டெல்லிப் புகைக்கு வண்டி, ஆலை, குப்பை, அசையாத குளிர்காற்று எல்லாமே காரணம். அதனால் இதை மட்டும் வச்சு "எண்ணிக்கை பொய்"னு நான் சொல்லல. ஆனா சந்தேகப்படணும்.

4/ எப்படி எண்ணுறாங்கன்னு பாருங்க. நாசாவின் சுவோமி என்பிபி மாதிரியான செயற்கைக்கோள்கள் துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுத்துறவை. நம்ம தலைக்கு மேல் பகலில் சுமார் 1.30 மணிக்கு வரும், அப்புறம் நள்ளிரவு தாண்டி ஒருமுறை. அந்த நேரத்தில் எரியுற தீயின் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிரில் பிடிக்கும். 4 மணிக்குப் பத்தவச்சு 5 மணிக்கு அணைஞ்சா? அந்தக் கண்ணைப் பொறுத்தவரை அப்படி ஒரு தீயே இல்லை.

5/ 2024 அக்டோபரில் நாசா விஞ்ஞானி ஹிரேன் ஜேத்வா இதைப் பொதுவெளியில் போட்டு உடைச்சார். தென்கொரியாவின் ஜியோ-கொம்ப்சாட்-2ஏ சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நின்ற மாதிரி இருந்து 10 நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். அந்தப் படங்களில், 1.30 மணிக் கண் கடந்து போன பிறகுதான் புகை திரண்டு எழுது! காற்றில் மிதக்கும் துகளும் எண்ணிக்கை குறைஞ்ச அளவுக்குக் குறையல. நவம்பரில் உச்ச நீதிமன்றமே இந்த வகைச் செயற்கைக்கோள் தரவை வாங்கச் சொன்னது.

6/ அப்போ எச்பிஏ1சி எது? எரிஞ்ச நிலத்தின் கருப்பு. தீ அணைஞ்சாலும் வயலில் கரி இருக்கும். ஐரோப்பாவின் சென்டினல்-2 சில நாளுக்கு ஒருமுறை வந்து, 10, 20 மீட்டர் நுணுக்கத்தில் அதைப் படம் பிடிக்கும். பரப்பை அளந்தால் நேரம் பார்த்து ஏமாத்த முடியாது. எரிப்பு குறைஞ்சதே இல்லைன்னு சொல்லல. எண்ணிக்கை சொல்ற அளவுக்குக் குறையலைன்னுதான் சொல்றேன்.

7/ உடனே விவசாயியைத் திட்டாதீங்க. நிலத்தடி நீரைக் காக்க 2009ல் பஞ்சாபில் வந்த சட்டம் நெல் நடவைத் தள்ளிப் போட்டது. அறுவடையும் தள்ளிப் போச்சு. கோதுமை விதைக்கக் கிடைப்பது 2, 3 வாரம். மெஷின் வாடகைக்குக் காசு இல்ல, ஆனா அபராதமும் வழக்கும் மட்டும் ரெடி. மாத்திரை தராம டெஸ்ட் மட்டும் எடுத்தா நோயாளி என்ன பண்ணுவார்? டெஸ்ட்டை ஏமாத்துவார்.

8/ இதில் மருத்துவனா எனக்கு வயிறு எரியும் இடம் ஒண்ணு இருக்கு. மதிய வெயிலில் சூடான காற்று மேலே ஏறும், புகையும் கொஞ்சம் கலைஞ்சு போகும். மாலையில் தரை குளிர்ந்ததும் காற்று அடங்கிடும். அப்போ எழும் புகை மேலே போக வழியில்லாம மூக்கு உயரத்திலேயே ராத்திரி முழுக்கத் தங்கும். கணக்கில் தப்பிக்கிற தீதான் நுரையீரலை அதிகம் கெடுக்குது.

9/ பிஎம் 2.5 துகள் முடியின் தடிமனில் 30ல் ஒரு பங்கு. மூச்சுச் சிற்றறை வரை போகும், ரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமா மட்டுமில்ல, மாரடைப்பு, பக்கவாதம் வரைக்கும் இதன் கை நீளும். 24 மணி நேரச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 15 மைக்ரோகிராம். இந்திய வரம்பு 60.

10/ "அது டெல்லிக் கதை, நமக்கென்ன?"ன்னு கேட்கறீங்களா? 2018 போகியன்று புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியல. தெருமுனையில் விடியற்காலை 5 மணிக்கு எரியும் டயரும் பாயும் 1.30 மணிக் கண்ணில் எப்படிப் படும்? படாததால் அந்தப் புகை இல்லைன்னு ஆயிடுமா?

11/ செயற்கைக்கோளை நான் குறை சொல்லல. புகையும் புழுதியும் எங்கே கிளம்பி எங்கே போகுதுன்னு காட்ட அதை விட்டா ஆள் இல்லை. ஆனா அது மேலிருந்து தரை வரை உள்ள மொத்தக் காற்றையும் சேர்த்துப் பார்க்குது. உங்க மூக்குகிட்ட எவ்வளவுன்னு சொல்ல தரையில் கருவி வேணும்.

12/ கேட்க வேண்டியது மூணு. எண்ணிக்கையோட எரிஞ்ச பரப்பையும் வெளியிடுங்க. சாயங்காலத் தீயையும் கணக்கில் சேருங்க. சின்ன ஊர்களிலும் தரைக் கருவி வையுங்க.

13/ அதுவரை நீங்க செய்ய வேண்டியது: வானம் தெளிவா இருக்கேன்னு நம்பாதீங்க, பக்கத்து நிலையத்தின் பிஎம் 2.5 அளவைப் பாருங்க. அதிகமா இருந்தா வாக்கிங் வேண்டாம். வெளியே போயே ஆகணும்னா என்95 போடுங்க, துணி மாஸ்க் போதாது. ஆஸ்துமா உள்ளவங்க இன்ஹேலரை நிறுத்தாதீங்க. வீட்ல பெரியவங்க, குழந்தைகள் இருந்தா இதை அவங்களுக்கும் சொல்லுங்க.