கடனில் வாங்கும் ஓய்வு

மே மாதம் பிறந்தால் நம் பங்குகளில் இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. ஊர் சுற்றாத விடுமுறை விடுமுறையே அன்று என்பது ஒரு கட்சி. ஊர் சுற்றுவதே ஊதாரித்தனம் என்பது மற்றது. இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

முதற்கட்சியாரின் கணக்கைப் பார்ப்போம். பயணத்தை இப்போதே முடித்துக்கொண்டு பணத்தைப் பின்னர்த் தவணையில் கட்டலாம் என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியில் 60,000 ரூபாய் கடன் வாங்கி 24 தவணைகளில் அடைப்பவர், மாதந்தோறும் ஏறத்தாழ 3,000 ரூபாய் கட்டுகிறார். மொத்தம் 72,000 ரூபாயை நெருங்குகிறது. கொடைக்கானலின் மூன்று நாள் குளிர்ச்சிக்கு 24 மாதப் புழுக்கம்! கடன் பாதி அடையுமுன் அடுத்த மே வந்து நிற்க, பிள்ளைகள் உதகை கேட்கின்றனர். வருவாய் சிறிதாயினும் செலவு அதனினும் அகலாதவரை கேடில்லை என்ற வள்ளுவரை நாம் மேடையில் மட்டுமே நினைக்கிறோம் போலும். மலைகளும் களைத்துவிட்டன. வாகன நெரிசல் தாங்காமல், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் அவ்விரு ஊர்களுக்கும் இ-பாஸ் முறை வந்ததை யாவரும் அறிவர். எல்லாரும் ஒரே மலைக்கு ஏறுவது ஓய்வுக்காகவா, பக்கத்து வீட்டார் ஏறியதற்காகவா?

இனி இரண்டாம் கட்சியார். இவர்களோடுதான் நமக்கு வழக்கு மிகுதி. ஏனெனில் இவர்கள் விவிலியத்தைக் கையிலேந்தி வருகின்றனர். 'அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே' என்கின்றனர். பெத்தானியாவில் முந்நூறு தெனாரியத்தைக் குறித்து இதே கேள்வியைக் கேட்டவன் யார் என்பதை யோவான் நற்செய்தி மறவாமல் குறித்து வைத்திருக்கிறது. பணி மிகுந்து உண்ணவும் நேரமில்லாதிருந்த சீடரைத் தனிமையான இடத்திற்கு அழைத்துச் சென்று சற்று ஓய்வெடுக்கச் சொன்னவர் ஆண்டவர். விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு என்று நிறுவிய புனித தோமா அக்குவினா, தாமும் மகிழாமல் பிறரையும் மகிழவிடாமல் இருப்பதைக் குற்றமென்றே எழுதினார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தவர்கள் மறையுரையில் இதைச் சொல்வதில்லை, ஏனோ தெரியவில்லை.

இக்கட்சியாரின் சிக்கனத்தை அருகில் சென்று பார்த்தால் வேறொன்றும் புலப்படும். புதுமனை புகுவிழாவிற்கும் திருமண விருந்திற்கும் இலட்சங்களை இறைப்பவர்களே, மனைவி பத்து ஆண்டுகளாகத் தாய்வீட்டில் நான்கு நாள் தங்கியதில்லை என்பதைச் சிக்கனம் என்கின்றனர். ஆண்டு முழுதும் அடுப்படியில் நிற்பவள் ஒருத்தி. சிக்கனமானவர் என்ற பெயர் மட்டும் குடும்பத் தலைவருக்கு!

அப்படியாயின் எவ்வளவு செலவிடலாம்? இணைச்சட்ட நூலின் 14-ஆம் அதிகாரம் இக்கேள்வியைக் கண்டு நாணவில்லை. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, வழி நெடிதாயின் அதைப் பணமாக்கி முடிந்துகொண்டு, ஆண்டவர் தேர்ந்துகொண்ட இடத்திற்குச் சென்று, விரும்பியதை, திராட்சை இரசம் உட்பட, வாங்கி வீட்டாரோடு உண்டு மகிழுமாறு அது பணிக்கிறது. ஆனால் அது களத்திற்கு வந்துவிட்ட விளைச்சல். வரப்போகும் விளைச்சலின்மேல் வாங்கிய கடன் அன்று. மேலும் மூன்றாம் ஆண்டின் பத்திலொரு பங்கு பயணத்திற்கில்லை. ஊரிலேயே வைக்கப்பட்டு, லேவியரும் அந்நியரும் அநாதைகளும் கைம்பெண்களும் உண்ண வேண்டும். மாதம் 30,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்திற்கு ஆண்டில் பத்திலொன்று 36,000 ரூபாய். அதை அப்படியே இன்றைய சட்டமாக்கச் சொல்லவில்லை. வாடகையும் பள்ளிக் கட்டணமும் போனபின் அதில் பாதிகூட மிஞ்சாத வீடுகள் நம் பங்குகளில் பல உண்டு. அவர்களுக்குப் பாட்டி வீடும் ஆற்றங்கரையும் போதும், அதில் இழிவில்லை. மிஞ்சுகிறவர்களைத்தான் கேட்கிறோம்: உங்கள் மூன்றாம் ஆண்டு எப்போது வரும்?

ஓய்வுநாள் கட்டளையையும் அதே நூலின் 5-ஆம் அதிகாரத்தில் படித்துப் பாருங்கள். மகன், மகள், அடிமை, மாடு, கழுதை, அந்நியர் எல்லாரும் பட்டியலில் உண்டு. மனைவி இல்லை. 'நீ' என்பதில் அவளும் அடங்குவாள் என்பர் உரையாசிரியர். நம் குடும்பங்களில் அவள் எதில் அடங்குகிறாள்? சுற்றுலாவிலும் விடியுமுன் எழுந்து புளிச்சோறு கட்டுகிறாளே! வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் நிலை இன்னும் மோசம். நாம் ஊரிலில்லாத பத்து நாளுக்கு அவள் கூலியைப் பிடித்துக்கொள்கிறோம். நம் ஓய்வு அவளுக்குப் பட்டினியாகிறது.

நம் பங்குச் சுற்றுலாக்களும் இதற்கு விலக்கல்ல. இரவு முழுதும் பேருந்தை ஓட்டி வேளாங்கண்ணி சேர்க்கும் ஓட்டுநர், நாம் திருப்பலி காணும் வேளையில் வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுக்கிறார். மாலையில் மீண்டும் வண்டியை எடுக்கிறார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்திருந்தது. பயணக் கட்டணத்தை இருநூறு ரூபாய் குறைத்துவிட்டோம் என்று பங்குப் பேரவையில் கைதட்டல் வாங்குகிறவர்கள், அந்த இருநூறு யாருடைய உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்வதில்லை. அடுத்த பயணத்திற்குத் திட்டமிடுவோர் இரண்டாம் ஓட்டுநருக்கும் அவர்கள் படுக்க ஓர் அறைக்கும் சேர்த்தே கட்டணம் குறிக்கட்டும். தொகை கூடினால் பூண்டி, தரங்கம்பாடி, பிச்சாவரம் என்று நீளும் பட்டியலில் ஓர் ஊரைக் குறைத்துக்கொள்ளலாம்.