குடிக்காதவனின் போதை

“நம் பிள்ளைகள் குடிப்பதில்லை, அவர்கள் வண்டி ஓட்டினால் நமக்கு அச்சமில்லை” என்னும் நிம்மதி நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. மதுவை விலக்கி வாழும் பேற்றுக்காக அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். ஆயினும் அந்த நிம்மதி பாதி உண்மையே. உறங்காத கண்களோடு ஸ்டியரிங்கைப் பிடிப்பவனும் போதையில்தான் இருக்கிறான்.

இது மிகையன்று. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான டாசனும் ரீடும் 1997-ல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கண்-கை ஒத்திசைவு, 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்ந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தபோது அது 100 மில்லிகிராமுக்கு நிகரானது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு வகுத்த எல்லையோ 30 மில்லிகிராம்தான்!

மது, மூளையின் முடிவெடுக்கும் திறனை மழுக்கும்; கால் பிரேக்கைத் தேடுவதைத் தாமதமாக்கும். உறக்கமின்மையும் அதையே செய்யும். கூடவே, தன்னையறியாமல் சில நொடிகள் கண்ணயரவும் செய்யும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, நொடிக்கு 22 மீட்டர் ஓடும். மூன்று நொடி கண்ணயர்ந்தால் 66 மீட்டர் தொலைவுக்கு அந்த வண்டிக்கு ஓட்டுநரே இல்லை. குடித்தவன் பிந்தியாவது பிரேக்கை மிதிப்பான், உறங்கியவன் மிதிப்பதேயில்லை. காவலர் ஊதச் சொல்லும் கருவி மதுவைக் காட்டும், உறக்கத்தைக் காட்டாது. அல்லாஹ்வோ இரண்டையும் அறிவான்.

போச்சம்பள்ளியில் இது ஏட்டுச் செய்தியன்று. சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து பைக்கில் திரும்பும் இளைஞர், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு விடிய விடிய ஆடு ஏற்றி வருபவர், மாம்பழப் பருவத்தில் ஓய்வின்றி ஓடும் லாரி ஓட்டுநர், உம்ரா செல்வோரைப் பெங்களூரு விமான நிலையத்தில் விட்டுவிட்டு அதே இரவில் காரைத் திருப்பும் மைத்துனர் எனப் பலரும் நம்மவரே. ரமழானில் தராவீஹுக்கும் ஸஹருக்கும் இடையே உறக்கம் இன்னும் சுருங்குகிறது.

வண்டி உரிமையாளர்களே! மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஓட்டுநரின் வேலையை நாளுக்கு 8 மணி நேரம் என வரையறுத்தது. பயணிக்கு அல்லாஹ் தொழுகையையே சுருக்கினான். நோன்பைப் பிற்படுத்த அனுமதித்தான். படைத்தவன் தன் கடமையைத் தளர்த்தியிருக்க, உங்கள் சரக்கின் நேரம் மட்டும் தளரக்கூடாதோ?

தொழுகையில் கண் சொக்கினால் போய் உறங்கிவிட்டு வருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). மன்னிப்புக் கேட்பதாக எண்ணித் தன்னையே சபித்துவிடக் கூடும் என்பதே காரணம். நாவு பிறழும் என்பதற்காகத் தொழுகையையே தள்ளிவைக்கச் சொன்ன மார்க்கம், பிறர் உயிர் பறிபோகும் பயணத்தைத் தொடரச் சொல்லுமா?

விபத்துக்குப் பின் “கத்ர்” என்று கூறி ஒதுங்குவதும் நியாயமன்று. உறங்குபவன் புரண்டு விழுந்து ஒருவரைக் கொன்றுவிட்டால், அதைத் தவறுதலான கொலையின் தரத்தில் வைத்து இரத்த ஈட்டுத்தொகையையும் பரிகாரத்தையும் ஹனஃபி சட்ட அறிஞர்கள் விதித்தனர். படுக்கையில் உறங்கியவனுக்கே இந்தப் பொறுப்பென்றால், உறக்கம் வருவது தெரிந்தும் சாவியைத் திருகியவன் என்ன பதில் சொல்வான்?

ஆகவே தேநீரையும் திறந்த ஜன்னலையும் நம்பாதீர்கள். அவை உறக்கத்தை ஒத்திவைக்குமே தவிரத் தீர்க்கமாட்டா. கண் சொக்கினால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி உறங்குங்கள். உடலின் உறக்க வேட்கை மிகும் பின்னிரவுப் பயணத்தை இயன்றவரை தவிருங்கள். நெடுஞ்சாலையோரப் பள்ளிவாசல்களின் ஜமாஅத்தார், இரவில் ஓட்டுநர் தலைசாய்க்க ஒரு மூலையையும் பாயையும் ஒதுக்குங்கள். தாய்மார்களே, “எப்போது வந்து சேர்வாய்?” என்று கேட்கும் முன், “உறங்கினாயா?” என்று கேளுங்கள்.

ஓர் உயிரை வாழவைப்பது மனித குலம் முழுவதையும் வாழவைப்பதற்கு ஒப்பு என்கிறது திருமறை (5:32). அந்த உயிர் சாலையில் எதிரே வருபவருடையதாகவும் இருக்கலாம். அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானாக!